குலுக்கும் காருக்கு வைத்தியம் காற்றிலிருந்து தொடங்கட்டும்

கேள்வி: ஐந்து ஆண்டுகள் ஓடிய, ஸ்போர்ட் ரகத்தைச் சேர்ந்த சிறிய ஹேட்ச்பேக் கார் ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். இதுவரை 55,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதன் ஸ்டியரிங்கும், திருப்பங்களில் அது சாயாமல் நிற்கும் விதமும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. ஆனால் ஒட்டுப்போட்ட சாலையில் போகும்போது சிறு மேடுபள்ளம்கூட இருக்கை வழியாக முதுகில் ஏறுகிறது. நான்கு பேர் ஏறிவிட்டால் வேகத்தடையில் பின்பக்கம் ‘தட்’டென்று இடிக்கிறது. இடுப்புவலி உள்ள என் அம்மா இந்தக் காரில் ஏறவே மறுக்கிறார். பணிமனையில் கேட்டால், “இந்த வண்டி இப்படித்தான்” என்கிறார்கள். நண்பர் ஒருவர் டயரில் காற்றை 26 பி.எஸ்.ஐ.க்குக் குறைக்கச் சொல்கிறார். உதிரிபாகக் கடைக்காரர் ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையில் ரப்பர் பஃபர் போடச் சொல்கிறார். இன்னொருவர் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அனைத்தையும் மாற்றிவிடச் சொல்கிறார். டயரின் அளவு 215/45 ஆர்17. முந்தைய உரிமையாளர் கொடுத்த காகிதங்களில் முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் மாற்றியதற்கான ரசீதும் இருக்கிறது. காரை விற்க மனமில்லை. நான் என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஒரே குறையாக எழுதியிருப்பதில் உண்மையில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒட்டுப்போட்ட சாலையில் சிறு மேடுபள்ளங்கள் முதுகில் ஏறுவது ஒன்று. நான்கு பேர் ஏறியபோது வேகத்தடையில் பின்பக்கம் இடிப்பது மற்றொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் டயர் காரணம். இரண்டாவதற்கு டயர் காரணம் அல்ல. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் பாகங்களை மாற்றத் தொடங்கியவர்கள் பெருந்தொகை செலவழித்தும் அதே குலுக்கலோடு திரும்பி வருவதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சஸ்பென்ஷன் (சக்கரங்களைக் காரின் உடலோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு) வேலையில் பார்த்துவருகிறேன். ஆகவே உங்களுக்கு வந்த மூன்று யோசனைகளில் எதையும் இப்போதைக்குச் செயல்படுத்த வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

“இந்த வண்டி இப்படித்தான்” என்ற பதிலில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கின் மீது நிற்கும் எந்தக் காரும் தனக்கென்று ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடும். சாதாரணக் குடும்பக் கார்களில் இந்த ஆட்டம் நொடிக்கு 1 முதல் 1.5 முறை வரை இருக்கும்; திருப்பங்களில் சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்கிவைத்த ஸ்போர்ட் ரகக் கார்களில் அது 1.5 முதல் 2 முறை வரை ஏறும். உட்கார்ந்திருக்கும் மனித உடல், மேலும் கீழுமான அதிர்வுகளில் நொடிக்கு 4 முதல் 8 முறை வரையுள்ளவற்றைத்தான் மிக அதிகமாக உணர்கிறது. ஸ்பிரிங் இறுக இறுக, அந்த எல்லையை நோக்கிச் செல்லும் அதிர்வுகள் கூடுதலாக இருக்கைக்கு வந்து சேர்கின்றன. இதோடு, சக்கரமும் பிரேக்கும் சேர்ந்த பாரம் டயரின் மீது நொடிக்கு 10 முதல் 15 முறை துள்ளக்கூடியது. சக்கரம் பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் இந்தத் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குக் கடினம். நீங்கள் ரசிக்கும் ஸ்டியரிங்கும் உங்கள் அம்மாவை வருத்தும் குலுக்கலும் ஒரே இறுக்கத்திலிருந்து பிறந்தவை என்பது மறுக்க முடியாதது.

சிறிய கார் என்பதாலும் ஒரு சிரமம் உண்டு. முன்சக்கரம் ஏறிய மேட்டில் பின்சக்கரம் எவ்வளவு நேரம் கழித்து ஏறுகிறது என்பதைப் பொறுத்துக் கார் முன்னும் பின்னுமாகத் தலையாட்டும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர் உள்ள ஒரு கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்த இடைவெளி கால் நொடிதான். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஓலி என்ற பொறியாளர், முன்பக்க ஸ்பிரிங்கைப் பின்பக்கத்தைவிட மென்மையாக வைத்தால், தாமதமாக ஆடத் தொடங்கும் பின்பக்கம் வேகமாக ஆடி முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும் என்றும், அதனால் தலையாட்டம் குறையும் என்றும் கண்டறிந்தார். இன்றுவரை வடிவமைப்பாளர்கள் இந்த வழியைப் பின்பற்றுவதால், சிறிய கார்களின் பின்பக்கம் இயல்பிலேயே சற்று இறுக்கமாக இருக்கும். மேலும், பின்பக்க ஸ்பிரிங் ஐந்து பேரையும் பெட்டிகளையும் தாங்கவேண்டும் என்று கணக்கிடப்பட்டது. நீங்கள் தனியாகப் போகும்போது அந்த ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லாததுபோல் இருப்பதால் அது உங்களைத் தூக்கித் தூக்கிப் போடும்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். அந்த வண்டி “இப்படித்தான்” இருக்கிறதா, அல்லது இப்படி ஆகியிருக்கிறதா என்பதைச் சோதிக்காமல் யாரும் அந்தப் பதிலைச் சொல்லக்கூடாது. 55,000 கிலோமீட்டர் ஓடிய காரில் டயர், ஸ்டாப்பர் (சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது அடியைத் தாங்கும் நுரைத்துண்டு), புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளை), ஷாக் அப்சார்பர் எதுவும் புதிதாக இருந்த நிலையில் இருக்காது. உங்கள் காரை வடிவமைத்தவர்கள் இறுக்கமாகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் பாகங்கள் மூப்படைந்ததால் வந்து சேர்ந்த கடுமையை நீக்கினாலே, பலருக்கு அந்த வண்டி தாங்கக்கூடியதாகிவிடுகிறது.

எனவே காற்றிலிருந்து தொடங்குங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு வரிசைகள் இருக்கும்: இரண்டு மூன்று பேர் போகும்போது வைக்கவேண்டிய அளவு, முழுப் பாரத்தோடு போகும்போது வைக்கவேண்டிய அளவு. இரண்டுக்கும் இடையே பின்சக்கரத்தில் 5 பி.எஸ்.ஐ.க்கு மேலும் வேறுபாடு இருக்கலாம். என்னிடம் வரும் கார்களில் பலவற்றில் நான் காண்பது, எப்போதோ நெடும்பயணத்துக்காக ஏற்றிய முழுப்பாரக் காற்று அப்படியே நிற்பதைத்தான். காற்றுப் பிடிக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளாமலேயே “கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்” என்று ஏற்றிவிடுவதும் உண்டு. இறுக்கமான வண்டி என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு கார், விடியற்காலையில் அளந்தபோது நான்கு சக்கரத்திலும் 42 பி.எஸ்.ஐ. காட்டியது, ஸ்டிக்கரில் இருந்தது 33. ஒன்பது பி.எஸ்.ஐ. இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்த உரிமையாளர், வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பி வந்து நிறுத்தியபோது, “இத்தனை மாதம் இதைத்தான் ஓட்டினேனா?” என்று மட்டும் கேட்டார்.

காற்றை அளக்கும் விதமும் முக்கியம். ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கு உரியது. அதாவது கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்கவேண்டும். அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக்கூடாது. ஓடிச் சூடான டயரில் 4 அல்லது 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் மாறினால் ஒரு பி.எஸ்.ஐ. மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். குளிர்ந்த மாதத்தில் சரியாக வைத்த காற்று வெயில் மாதத்தில் 3 பி.எஸ்.ஐ. கூடியிருப்பதில் வியப்பில்லை. ஒரு நல்ல கேஜை வாங்கிக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் டயர் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதை ஆதாரமாகக் கொள்ளவேண்டாம்; அந்த விளக்கு பொதுவாகக் காற்று 20 முதல் 25 சதவீதம் குறைந்த பிறகே எரியும், மிகுதியாக இருப்பதைப் பெரும்பாலான கார்களில் சொல்லவே சொல்லாது.

நண்பர் சொன்ன 26 பி.எஸ்.ஐ. வேண்டவே வேண்டாம். ஸ்டிக்கரில் உள்ள குறைந்த அளவுக்குக் கீழே காற்று இறங்கினால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பு வெப்பமாகிறது. நெடுஞ்சாலை வேகத்தில், முழுப் பாரத்தில், அந்த வெப்பம் டயரை உள்ளிருந்தே பிரிக்கத் தொடங்கும். பள்ளத்தில் இறங்கும்போது அலாய் வீலின் விளிம்பு நெளிவதற்கும் பக்கச்சுவரில் புடைப்பு வருவதற்கும் குறைந்த காற்றே வழிவகுக்கும். நீங்கள் விரும்பும் ஸ்டியரிங் கூர்மையும் முதலில் போய்விடும். மென்மைக்காகக் காற்றில் விளையாட இடமிருப்பது, முழுப்பார அளவுக்கும் சாதாரண அளவுக்கும் நடுவில் மட்டும்தான். நைட்ரஜன் அடைத்தால் மென்மையாகும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பவேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், 33 பி.எஸ்.ஐ. எதில் வைத்தாலும் 33 பி.எஸ்.ஐ.யின் கடினம்தான்.

காற்றைச் சரிசெய்த பிறகு குனிந்து டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். அங்கே மூன்று செய்திகள் உங்களுக்காகவே பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது வயது: டிஓடி என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் முடிவில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலத்தில் இறுகும். பட்டையின் ஆழம் நன்றாக இருக்கும் ஆறு வயது டயர், நகத்தால் அழுத்தினால் மரக்கட்டைபோல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது, எக்ஸ்எல் என்ற எழுத்துகள். கூடுதல் பாரம் தாங்கக் கட்டப்பட்ட டயர் அது; அதன் உடற்கட்டு வலுவானது, அதனால் சாதாரண டயரைவிடச் சற்றுக் கடினமாகவே ஓடும். மூன்றாவது, காற்றிறங்கினாலும் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் வகையா என்பது. காற்று இல்லாமலேயே காரைத் தாங்கும் அளவுக்கு அதன் பக்கச்சுவர் தடிமனாக இருக்கும் என்பதால், அது தரும் குலுக்கல் தனி ரகம். முந்தைய உரிமையாளர் எந்த டயரைப் போட்டிருந்தார் என்பது தெரியாமல் காரின் குணத்தைப் பற்றி முடிவுக்கு வரமுடியாது.

இனி அளவு. 215/45 ஆர்17 என்றால் டயரின் அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், அதாவது ஏறக்குறைய 97 மி.மீ., சக்கரத்தின் விட்டம் 17 அங்குலம். சாலையின் கூரான விளிம்புகளை முதலில் சந்திப்பது இந்த 97 மி.மீ. காற்றும் ரப்பரும்தான். உங்கள் காரின் சாதாரண ரகம் 16 அங்குலச் சக்கரத்தில் 205/55 டயரோடு வந்திருந்தால், அதன் பக்கச்சுவர் 113 மி.மீ. இருக்கும். மொத்த விட்டம் முறையே 625, 632 மி.மீ. என்று வருவதால் வேறுபாடு ஒரு சதவீதம்தான். வேகமானியும் கியர் விகிதமும் பெரிதாகப் பாதிக்கப்படமாட்டா. ஆனால் 16 மி.மீ. கூடுதல் பக்கச்சுவர் தரும் மாற்றம் பெரிது. ஒட்டுப்போட்ட சாலையில் நீங்கள் சொல்லும் அந்த ‘டக் டக்’ அடி மழுங்கிவிடும். என் அனுபவத்தில், இறுக்கமான சிறிய காருக்குச் செய்யக்கூடிய எல்லா மாற்றங்களிலும் கொடுத்த காசுக்கு மிகுந்த பலன் தருவது சக்கரத்தை ஓர் அங்குலம் குறைப்பதுதான். வேண்டாம் என்றால் பழைய சக்கரத்தைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்பது இதன் இன்னொரு நன்மை.

இதைச் செய்யும் முன் நான்கு விஷயங்களை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்போர்ட் ரகக் கார்களில் பிரேக் வட்டு பெரிதாக இருப்பதால் 16 அங்குலச் சக்கரம் காலிப்பரில் (பிரேக் வட்டைப் பிடிக்கும் பாகத்தில்) உரசலாம். மாட்டிப் பார்க்காமல் வாங்கவேண்டாம். போல்ட் வட்டத்தின் (போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின்) அளவும், நடுத்துளையின் அளவும், ஆஃப்செட்டும் (சக்கரம் பொருந்தும் முகப்பு அதன் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரமும்) தயாரிப்பாளர் கொடுத்தவற்றோடு பொருந்தவேண்டும். புதிய டயரின் பாரக் குறியீடு பழையதைவிடக் குறையக்கூடாது: 91 என்பது ஒரு டயருக்கு 615 கிலோ, 87 என்பது 545 கிலோ. மேலும், அந்த அளவு உங்கள் காரின் கையேட்டிலோ பதிவு ஆவணங்களிலோ அனுமதிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். புதிய அளவுக்கு எவ்வளவு காற்று என்பதையும் கையேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், பழைய எண்ணை அப்படியே வைக்கவேண்டாம். சக்கரத்தை மாற்ற விருப்பமில்லை என்றால், பழைய டயர் தேய்ந்தபின் அதே அளவில், ரேஸ் குணத்துக்காக அல்லாமல் அமைதிக்காகவும் மென்மைக்காகவும் செய்யப்பட்ட டயரைப் போடுவதே ஓரளவு உதவும்.

இப்போது இரண்டாவது குறைக்கு வருவோம். நான்கு பேர் ஏறியபோது வேகத்தடையில் கேட்கும் ‘தட்’ என்ற இடி, சஸ்பென்ஷன் மேலும் கீழும் நகரும் தன் பயணத்தின் முடிவைத் தொடும் சத்தம். ஷாக் அப்சார்பரின் தண்டின் மீது, நுரைபோன்ற பாலியூரித்தேனால் ஆன ஒரு ஸ்டாப்பர் மாட்டப்பட்டிருக்கும். இதைச் சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கினால் மட்டும் தொடும் பாதுகாப்புத் துண்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்போர்ட் ரகக் கார்களில் உயரம் குறைவு என்பதால், இந்தத் துண்டு சாதாரண ஓட்டத்திலேயே அடிக்கடி வேலை செய்கிறது. மெதுவாக அமுங்கி, இரண்டாவது ஸ்பிரிங்போல் காரைத் தாங்குகிறது. அது நல்ல நிலையில் இருக்கும்வரை அந்தத் தொடுதல் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அது கெட்டுப்போனால் உலோகமும் உலோகமும் சந்திக்கின்றன.

உங்கள் காரைப் போன்ற ஒன்றின் பின்பக்க ஷாக் அப்சார்பரை அண்மையில் கழற்றினேன். மேல் மவுண்டைப் பிரித்து, தண்டை மூடியிருக்கும் தூசிக்குழாயைக் கீழே இழுத்தபோது, மஞ்சள் நிறத்தில் இருக்கவேண்டிய ஸ்டாப்பர் பழுப்பு நிறப் பொடியாகக் கையில் கொட்டியது; மிஞ்சியிருந்த வளையத்தை இரண்டு விரலால் அழுத்தியதும் பழைய ரொட்டியைப்போல் உடைந்தது. ஷாக் அப்சார்பரில் ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. வெளியிலிருந்து பார்த்த எவரும் அதை நல்லது என்றே சொல்லியிருப்பார்கள். இரண்டு ஸ்டாப்பரும் இரண்டு தூசிக்குழாயும் மாற்றியதோடு அந்த ‘தட்’ போய்விட்டது. ஷாக் அப்சார்பர் விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. உங்கள் பணிமனையில் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்லவேண்டும், அதுவும் தூசிக்குழாயைத் தூக்கிக் கண்ணால் பார்க்கும்படி.

ஸ்டாப்பர் நன்றாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள். காரின் மூலையைக் கையால் அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை இறுக்கமான கார்களில் எதையும் சொல்லாது. கையால் அமுக்கும் வேகம், சாலையில் பிஸ்டன் ஓடும் வேகத்தோடு ஒப்பிடத் தக்கதே அல்ல. தளர்ந்த ஷாக் அப்சார்பர் கொண்ட கார் மென்மையாக ஓடும் என்பதும் தவறான எண்ணம். அது காரைப் பிடித்து நிறுத்தாததால் கார் மேலும் ஆழமாக அமுங்கி ஸ்டாப்பரில் போய் இடிக்கிறது. ஆகவே மிதப்பதுபோலவும் இடிப்பதுபோலவும் ஒரே நேரத்தில் தோன்றும். ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் ஈரம், டயர் பட்டையில் அலையலையான தேய்மானம், ஒரு மேட்டைத் தாண்டியபின் இரண்டு மூன்று முறை ஆடி அடங்குவது ஆகிய மூன்றும் அடையாளங்கள். மாற்ற நேர்ந்தால் அச்சுக்கு இரண்டாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது பிரேக் பிடிக்கும்போது ஆபத்து.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது லோயர் ஆர்ம் புஷ் ரசீதுதான். பலரும் அறியாத, ஆனால் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை இதில் இருக்கிறது. லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை. அதன் மூட்டில் இருக்கும் புஷ் என்பது உள்ளே ஓர் உலோகக் குழாய், வெளியே ஓர் உலோக வளையம், இரண்டையும் இணைக்கும் ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. காரை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் நிலையே ரப்பரின் ஓய்வு நிலை ஆகிவிடும். காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையில்தான் நிற்கும்; அதாவது ஸ்பிரிங்கோடு சேர்ந்து இன்னொரு ஸ்பிரிங் வேலை செய்வதுபோல் முன்பக்கம் இறுகிவிடும், புஷ்ஷும் விரைவில் கிழியும். சரியான முறை, போல்ட்டை விரலால் மாட்டி, காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய நிலையில், குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு இறுக்குவதுதான். எப்படி இறுக்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது என்பதால், கார் தரையில் நிற்கும் உயரத்தில் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். சில கார்களில் அந்தப் போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது. அப்படியானால் புதிய போல்ட்டும், பின்னர் ஒரு வீல் அலைன்மென்ட்டும் தேவைப்படும். அரை நாளில் முடியும் வேலை. இதைச் செய்தபின் முன்பக்கத்தில் தெரிந்த மாற்றத்தைக் கண்டு வியந்த உரிமையாளர்கள் பலர்.

முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். காரைத் தாழ்த்துவதற்காகக் குட்டை ஸ்பிரிங் போடுவது இந்த ரகக் கார்களில் பரவலான பழக்கம். சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டரின் கீழ்விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து, மாற்றம் செய்யப்படாத அதே ரகக் காரோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். 30 மி.மீ. தாழ்ந்திருந்தால், ஸ்டாப்பருக்கு எட்டும் தூரம் அத்தனை குறைந்துவிட்டது என்று பொருள். உங்கள் ‘தட்’டுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். தீர்வு, அசல் ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுவது.

கடைக்காரர் சொன்ன ரப்பர் பஃபரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுருள்களுக்கு இடையில் அதைச் செருகினால் அந்த இடத்தில் சுருள் வேலை செய்வது தடைபடும். வேலை செய்யும் சுருள்கள் குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும். கார் சற்று உயர்ந்து தோன்றும், அடிப்பகுதி தட்டுவது குறையும், அதனால் பலருக்குத் திருப்தி. ஆனால் மென்மை வேண்டும் என்று கேட்பவருக்கு இறுக்கத்தை விற்பது அது. ஸ்பிரிங் ஒரே இடத்தில் வளைந்து முறிவதற்கும் அது காரணமாகலாம்.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றும் யோசனை தவறானதல்ல; அது கடைசியில் வரவேண்டியது. அந்த நிலைக்கு வந்தால், சந்தையில் கிடைக்கும் பெயர்பெற்ற செட்டுகளைத் தேடுவதைவிட, உங்கள் காரின் சாதாரண ரகத்துக்கு அதே தயாரிப்பாளர் கொடுக்கும் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஸ்டாப்பரையும் ஒன்றாக வாங்குங்கள். எஞ்சினின் எடை வேறாக இருக்கலாம் என்பதால் பாக எண்ணைச் சரிபார்த்து வாங்கவேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மென்மையாக்கி ஸ்போர்ட் ஷாக் அப்சார்பரை அப்படியே வைத்தால், அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். தொடர் மேடுகளில் கார் படிப்படியாகத் தாழ்ந்து ஸ்டாப்பரிலேயே ஓடும். இறுகிய ஸ்பிரிங்கோடு மென்மையான ஷாக் அப்சார்பர் என்றால் துள்ளல் அடங்காது. இரண்டும் ஜோடியாகவே பிறந்தவை. எந்த மாற்றமானாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இடது, வலது சக்கரங்களை இணைத்துக் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைத் தொடவேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது தலை பக்கவாட்டில் ஆடுவதற்கு அது ஒரு காரணம் என்றாலும், உங்கள் கார் திருப்பத்தில் நிற்பது அதனால்தான். அதைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராட் தளர்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள், அதுவும் ‘கடகட’ சத்தமாகத் தனியே தெரியும்.

காரில் எதையும் தொடாமலே, இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. அம்மாவை எங்கே அமர்த்துகிறீர்கள் என்று எழுதவில்லை. சிறிய ஹேட்ச்பேக்கில் பின்னிருக்கை ஏறக்குறைய பின் அச்சுக்கு அருகிலேயே இருப்பதால், பின்சக்கரம் வாங்கும் அடி முழுவதும் அங்கே உட்கார்ந்தவருக்குப் போகிறது. முன்னிருக்கை இரண்டு அச்சுகளுக்கும் இடையில் இருப்பதால் அங்கே அடி பாதியாகத் தெரியும். அவரை முன்னால் அமர்த்தி, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தைச் சற்றுச் சாய்த்து, இடுப்பின் வளைவுக்குச் சிறு மெத்தை ஒன்றை வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தவரின் முதுகெலும்பு அடியை நேராக வாங்குகிறது. வேகத்தடைக்கு முன்பே பிரேக் பிடித்து, ஏறும் நொடியில் பிரேக்கை முழுவதும் விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் காரின் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அமுங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைந்து, முன்பக்கமும் ஸ்டாப்பரில் இடிக்கும். அவருடைய வலி பயணத்துக்குப் பிறகும் நீடித்தாலோ, கால்வரை இறங்கினாலோ, காரைச் சரிசெய்வதற்கு முன் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

செய்யும் வரிசையில் ஒரு வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு கிலோமீட்டர் சாலையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே வேகத்தில், அதே ஆட்களோடு ஓட்டிப் பார்த்து, ஒரு தாளில் இரண்டு வரி எழுதிவையுங்கள். காற்றை இந்த வாரமே சரிசெய்துவிடலாம். அதனால் ஒட்டுச்சாலையின் அடி பாதியாவது குறைந்தால், சக்கர மாற்றத்துக்கு அவசரம் இல்லை. டயர் தேயும்வரை காத்திருக்கலாம். ஸ்டாப்பரையும் புஷ் போல்ட்டையும் ஒரே நாளில் பணிமனையில் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஒன்று பின்பக்கம், மற்றொன்று முன்பக்கம். எது எதனால் சரியானது என்ற குழப்பம் வராது.

இவை அனைத்தும் முடிந்த பிறகும் உங்கள் கார் மெத்தைபோல் ஓடாது. கூரான விளிம்புகள் தெரியும். ஆனால் அடியாக அல்லாமல், சாலை எப்படி இருக்கிறது என்ற செய்தியாகத் தெரியும். அந்த நிலையில் ஒருநாள் அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்தி அந்த ஒரு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால், அப்போதும் நான் இந்தக் காரை விற்கச் சொல்லமாட்டேன். அவருடைய பயணங்களுக்கு மட்டும் வேறு வாகனம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். காற்று, டயர் தேதி, நான்கு மூலைகளின் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதி அனுப்பினால், ஸ்பிரிங் மாற்றவேண்டிய அவசியம் இருக்கிறதா என்பதை இன்னும் உறுதியாகச் சொல்லமுடியும்.